கக்குவான் இருமலும் கழுதைப் பாலும்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கைக்குழந்தைகளின் மூச்சைப் பிடிக்கும் கக்குவான் இருமலைப் பற்றியதாகும்.

இவ்வியாதி ஒரு கிருமியால் வருகிறது. 1906-ல் பெல்ஜியம் தேசத்தில் போர்தே, ஜெங்கூ என்கிற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இருமுகிறவர் வாயிலிருந்து தெறிக்கும் துளி வழியாக அது அடுத்தவர் மூச்சில் ஏறுகிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் வெறும் ஜலதோஷம் போலிருக்கும். பிறகு மூச்சுவிட இடங்கொடாமல் அடுக்கடுக்காய் இருமல்; முடிவில் ஒரு கூவல்; வாந்தி. பச்சைக் குழந்தைக்கோ இருமலே இல்லாமல் மூச்சு நின்று உடல் நீலம் பாய்வதும் உண்டு.

இதற்கு நம் ஜனங்கள் செய்துவரும் வைத்தியம் என்ன? தெருவில் ஓட்டிவரும் கழுதையின் பால் ஒரு சங்கு, மந்திரித்த கயிறு, சில இடங்களில் வயிற்றில் சூடு. கேட்டால், "எங்கள் பிள்ளைக்குக் குணமாயிற்றே!" என்கிறார்கள். தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! பிழைக்கிற பிள்ளைக்கு இந்த இருமல் இரண்டு மூன்று மாதத்தில் தானே தணியக்கூடியது. எண்பதாம் நாள் கயிறு கட்டி, தொண்ணூறாம் நாள் இருமல் நின்றால் பெருமை கயிற்றுக்குப் போகிறது. செத்த பிள்ளைக்கு மாத்திரம் "விதி" என்று பெயர். வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கும் இக்கணக்கை எந்த வியாபாரியாவது ஒப்புவானா?

1930-களில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பெர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரண்டு பெண்கள், பகல் வேலை முடிந்தபின் வீடுவீடாய்ச் சென்று, இருமும் குழந்தைகளின் முன் தட்டைப் பிடித்துக் கிருமி சேகரித்துத் தடுப்பூசி தயாரித்தார்கள். ஊசி போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் எண்ணி ஒப்பிட்ட பிறகே முடிவு சொன்னார்கள். அதுதான் நேர்மையான கணக்கு!

இன்று அந்தக் காப்பு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாகவே கிடைக்கிறது. 6, 10, 14 வாரங்களில் மூன்று ஊசி. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. 5 வயதுக்கு மேல், 6-க்குள் ஒன்று.

ஆனால் முதல் ஆறு வாரம் குழந்தைக்கு அந்த ஊசியும் கிடையாது. அப்போது அதற்குக் காவல் வீட்டுப் பெரியவர்கள்தான். ஊசியின் பலம் வருஷங்களில் குறைவதால் பெரியவர்களுக்கும் இது வரும். அவர்களுக்கு வெறும் நாள்பட்ட இருமலாய்த் தோன்றும். ஆதலால், இருமுகிறவர் பாட்டனாராயினும் தாய்மாமனாயினும், பிள்ளை பார்க்க வந்த சம்பந்தியாயினும், தொட்டிலண்டை விடாதீர்கள். அவர் முகம் கோணட்டும்; குழந்தை பிழைக்கட்டும். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்திலேயே மருந்து உண்டால் மற்றவருக்குப் பரவுவது குறையும்.

1886-ல் இவ்வூரில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டரான முத்துலட்சுமி அம்மையாரைத் தந்த ஊர் இது. அப்பேர்ப்பட்ட ஊரில் குழந்தையின் உயிரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாமா?

நாம் சொல்வதற்காக நம்ப வேண்டாம். உங்கள் தெருவில் ஊசி போட்ட பிள்ளைகளையும் போடாத பிள்ளைகளையும் நீங்களே எண்ணிப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.