வாசலில் நிற்பது யார்?

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன். விஷயம் கொஞ்சம் கூச்சமானதுதான். ஆனால் பெரியவர்கள் நாம் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தால், பிள்ளைகள் அதை வேறு இடத்தில் போய்க் கற்றுக்கொள்வார்கள்.

முந்தி டவுன் தியேட்டரில் சில படங்களுக்கு ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டியிருப்பார்கள். படத்தை முன்கூட்டியே பார்த்துத் தரம் பிரிக்க நம் நாட்டில் அரசாங்கச் சபை இருக்கிறது. சபை தரம் பிரிக்கும். டிக்கட் கிழிக்கிறவர் பையனின் முகத்தைப் பார்த்து, “போடா வீட்டுக்கு” என்று திருப்பி அனுப்புவார். சட்டம் பாதி வேலை செய்தது, வாசலில் நின்ற அந்த மனுஷன் பாதி வேலை செய்தார்.

இன்று தியேட்டர் பிள்ளையின் கைக்குள்ளேயே இருக்கிறது. 2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியபோது, பாடம் படிக்கட்டும் என்று கடன்பட்டாவது போன் வாங்கிக் கொடுத்தோம். அது தப்பில்லை. ஆனால் அந்தப் போனுக்கு வாசலும் இல்லை, டிக்கட் கிழிக்கிறவரும் இல்லை.

“கம்பனிக்காரன் பார்த்துக்கொள்ள மாட்டானா?” என்று கேட்பீர்கள். விதி இருக்கிறது. பேஸ்புக், டிக்டொக் இரண்டுக்கும் 13 வயது ஆக வேண்டும். டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனிப்பட்ட மெசேஜ் அனுப்ப முடியாது. யூடியூப்பில் சில வீடியோக்களை 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்க முடியாது. ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் நாம் கொடுக்கும் பிறந்த திகதியைப் பொறுத்தது. நம் லயத்தில் நடப்பது என்ன? கணக்கு அப்பா பெயரில் இருக்கும், அல்லது போன் கடைத் தம்பி ஏதோ ஒரு வருஷத்தைப் போட்டுத் திறந்து கொடுத்திருப்பார். 12 வயதுப் பிள்ளையை 40 வயது ஆள் என்று நினைத்துப் போன் எல்லாவற்றையும் காட்டுகிறது.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10ஆம் திகதி முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இப்படியான கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் நம் லயத்து வாசலுக்கு வந்து காவல் நிற்காது.

அந்த ஆபாசப் படங்கள் காசுக்காக நடித்து எடுப்பவை. அது பையனுக்குத் தெரியாது. பெண் வேண்டாம் என்று சொன்னாலும் வற்புறுத்தலாம் என்று பல படங்கள் அவனுக்குப் படிப்பிக்கின்றன. நாளைக்கு அவன் நம் வீட்டு மருமகனாக வரப்போகிறவன். பெண்பிள்ளையோ தன் உடம்பையே குறையாக நினைக்கத் தொடங்குகிறாள்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அன்பாகப் பேசிப் போட்டோ கேட்பான். ஒன்று அனுப்பிவிட்டால், “இன்னொன்று தா, இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன்” என்று மிரட்டுவான். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவைப்படி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பதும், பரப்புவதும், பரப்புவதற்காகக் கையில் வைத்திருப்பதும் குற்றம். வாலிபத் தம்பிமாரே, “எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்” என்று சொல்லித் தப்ப முடியாது.

தாய்மாரே, தந்தைமாரே, அப்படி ஒரு சங்கதி தெரிய வந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். அவசரப்பட்டுக் கலியாணம் பேசாதீர்கள். அடிக்குப் பயந்து வாய் மூடும் பிள்ளையைத்தான் மிரட்டுகிறவன் தேடுகிறான். அவனுக்குக் காசு கொடுக்காதீர்கள். வந்த மெசேஜை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

வீட்டில் செய்ய மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று, பிள்ளைக்குக் கணக்குத் திறந்தால் பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியைப் போடுங்கள். 13 ஆகாத பிள்ளைக்கு அந்தக் கணக்கே வேண்டாம். இரண்டு, ராத்திரி படுக்கும்போது போன் போர்வைக்குள்ளே போகக் கூடாது. அம்மா தலைமாட்டில் சார்ஜில் கிடக்கட்டும். அம்மா வெளிநாட்டில் என்றால் பாட்டி தலைமாட்டில். மூன்றாவது அப்பாமாருக்கு. உங்கள் வட்ஸ்அப்பில் கூட்டாளிமார் அனுப்பிய அசிங்கம் கிடந்தால் இன்றைக்கே அழியுங்கள். அந்தப் போனைத்தான் பிள்ளை கேம் விளையாட எடுக்கிறது.

போனைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் அது வேண்டும். அன்று டிக்கட் கிழித்தவர் நின்ற இடத்தில் இன்று நாம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். செட்டிங் மாற்றத் தெரியாதவர்கள் போனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் ஒபீசுக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து செய்வோம்.