காதுக்குள்ள தண்ணி போகாம பார்த்துக்குவோம்

(தேவனாம்பட்டினத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



மாதா மாதம் சேமிப்பு, கடன், வங்கி என்று பேசுகிறோம். இன்றைக்குச் சுகாதாரக் குழுவுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் பேச வந்திருப்பது காதைப் பற்றி. "காதுல பேச என்ன இருக்கு"ன்னு சிலர் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மாசி மகம் நெருங்கி வருகிறது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாமிகள் நம்ம கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். சனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடலில் முங்குவார்கள். பிள்ளைகளையும் பிடித்து முக்கி எடுப்போம். போன வருஷம் மாசி மகத்தன்று நம் குழு அக்கா ஒருவரின் மகனுக்கு நடந்ததை முதலில் சொல்கிறோம். அக்காவின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பேர் வேண்டாம்.

பையனுக்கு ஒன்பது வயது. மாமனோடு கடலில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர்தான். முங்கி எழுந்தவன் குடித்தவன் மாதிரி தள்ளாடினான். அப்படியே விழுந்தான். அடுத்த அலை உருட்டிக்கொண்டு போனது. மாமன் எட்டிக் கால் சட்டையைப் பிடித்ததால் பிழைத்தான். பயந்துட்டான், கண்ணு பட்டுடுச்சு என்று சொல்லி திருநீறு போட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காதிலிருந்து சீழும் ரத்தமும் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியபோதுதான் செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரிந்தது.

செவிப்பறை என்பது காதுத் துவாரத்தின் உள்ளே, சுமார் ஒரு அங்குல ஆழத்தில் இருக்கும் மெல்லிய தோல். மேளத்துக்குத் தோல் கட்டியிருப்பது மாதிரி. வெளியில் இருக்கும் தண்ணீர் உள்காதுப் பக்கம் போகாமல் தடுப்பது அதுதான். அதில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த தண்ணீர் நேராக உள்ளே போகும். நாம் தள்ளாடாமல் நிற்கச் செய்கிற உறுப்பும் உள்காதில்தான் இருக்கிறது. அதன் பக்கம் சில்லென்று தண்ணீர் பட்டால் தலை கிறுகிறுவென்று சுற்றும். தரையில் சுற்றினால் உட்கார்ந்து கொள்ளலாம். தண்ணீருக்குள் சுற்றினால் மேலே எது, கீழே எது என்றே தெரியாது. நீச்சல் தெரிந்தவனும் முழுகிப் போவான். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

டாக்டர் கேட்டார், "எத்தனை நாளா காது ஒழுகுது?" அக்கா சொன்னார், "ரெண்டு வயசுலேருந்து சார், சளி பிடிச்சா ஒழுகும், அப்புறம் நின்னுடும்." நம்மில் எத்தனை வீட்டில் இதே பதில் வரும்! காது ஒழுகுவது பிள்ளைகளுக்கு சகஜம், வளர்ந்தா சரியாகிடும் என்று விட்டுவிடுகிறோம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறோம். ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு என்று எதையாவது விட்டுக் குடைகிறோம். சகோதரிகளே, ஒழுகுகிற காதில் எண்ணெய் ஊற்றவே கூடாது. குச்சி விட்டால் ஓட்டை இல்லாத இடத்திலும் ஓட்டை விழும். காதுக் குறும்பி அழுக்கு இல்லை. தூசியைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. தானாகவே வெளியே வந்துவிடும்.

அந்த அக்கா எங்களிடம் அழுதுகொண்டே சொன்னது இன்னொன்று. "பள்ளிக்கூடத்துல டீச்சர், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், கவனமே இல்லைன்னாங்க. நானும் 'சொன்னா கேக்க மாட்டியா'ன்னு எத்தனையோ நாள் அடிச்சிருக்கேன். அவனுக்குக் காதே கேக்கலைன்னு எனக்குத் தெரியலையே." அதைக் கேட்ட எங்களுக்குப் பேச வாய் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், உலகத்தில் 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு அளவில் கேட்கும் குறை இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும் கேட்கும் குறையில் 100க்கு 60, முன்கூட்டியே கவனித்தால் தடுக்கக் கூடியதாம். அந்த 60-இல் நம்ம பிள்ளைகளும் இருக்கலாம் அல்லவா?

சரி, என்ன செய்யலாம்? காது அடைப்பான் என்று ஒன்று இருக்கிறது. இயர் பிளக் என்பார்கள். எல்லோருக்கும் அது தேவை இல்லை. நல்ல காது உள்ளவர்கள் கடலில் குளித்தால் தலையைச் சாய்த்து, காது மடலை மெதுவாக இழுத்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். வெளியே துண்டால் துடைத்தால் போதும். தினமும் அடைப்பான் வைத்தால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு இறுகிப் போகும். அடைப்பான் வேண்டியவர்கள் யார் என்றால், செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காது ஆபரேஷன் ஆனவர்கள், குளித்தால் அடிக்கடி காதுவலி வருபவர்கள். அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

கடையில் வாங்குவதில் இரண்டு வகை உண்டு. பஞ்சு மாதிரி நசுங்குகிறது ஒன்று. அது சத்தத்துக்கானது. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், குளிக்க உதவாது. சிலிக்கான் என்கிற ரப்பர் மாதிரிப் பொருளில் செய்தது இன்னொன்று. அதுதான் தண்ணீருக்கு. கடையில் கேட்கும்போதே "குளிக்க, நீந்த"ன்னு சொல்லிக் கேளுங்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது. அக்கா தங்கச்சியாக இருந்தாலும் சரி. சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, டப்பாவில் போட்டு வையுங்கள். கைக்குழந்தை கையில் கிடைத்தால் வாயில் போட்டு விழுங்கிவிடும், ஜாக்கிரதை.

வாங்க வசதி இல்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். சுத்தமான பஞ்சைப் புளியங்கொட்டை அளவை விடக் கொஞ்சம் பெரிதாக உருட்டிக்கொள்ளுங்கள். அதன் மேலெல்லாம் வாசலின் நன்றாகத் தடவுங்கள். காதின் வாசலில் மூடி மாதிரி வையுங்கள். உள்ளே திணிக்காதீர்கள். குளித்து முடித்த உடனே எடுத்து எறிந்துவிடுங்கள். மறுநாளைக்குப் புதுப் பஞ்சு. வாசலின் தடவாத வெறும் பஞ்சு வைத்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி தண்ணீரை இழுத்து உள்ளே விடும். வைக்காமல் இருப்பதே மேல்.

இது வீட்டில் தலைக்கு ஊற்றிக் குளிப்பதற்கு. கடலிலும் ஆற்றிலும் முங்குவதற்குப் பஞ்சு தாங்காது. காது ஒழுகிக்கொண்டிருக்கும்போது பிள்ளையைக் கடலில், கெடிலத்தில், குளத்தில் இறக்கவே இறக்காதீர்கள். அடைப்பான் வைத்தும் இறக்காதீர்கள். ஒழுகும் காதை நாள் முழுக்க அடைத்தும் வைக்காதீர்கள். சீழ் உள்ளேயே தங்கிவிடும். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரி மாதிரி முறுக்கி, காதில் மெதுவாக வைத்து, நனைந்ததும் எடுத்து வேறு திரி வையுங்கள். திரி நனையாமல் வரும்வரை செய்யுங்கள். தினம் மூன்று வேளை இப்படிச் செய்யலாம். கூடவே டாக்டரிடம் காட்டி அவர் கொடுக்கும் சொட்டு மருந்தை மட்டும் விட வேண்டும்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆழமாக முங்குகிறவர்கள் அடைப்பான் வைக்கவே கூடாது. வலை சிக்கினால் முங்கி எடுக்கிற நம்ம ஆம்பிளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ராமநாதபுரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்குகிறார்கள். அப்படி முங்கும்போது ஒரு ஆள் ஆழத்திலேயே காது அடைக்கும், வலிக்கும். தண்ணீரின் அழுத்தம் அது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். அடைப்பான் வைத்திருந்தால் தண்ணீர் அதை உள்ளே தள்ளும். அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றை நம்மால் சரிசெய்ய முடியாது. செவிப்பறை கிழிந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காற்றை ஊதி, காது திறந்த பிறகு கீழே போவதுதான் முறை. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு முங்கக் கூடாது.

அடைப்பான் வைத்துப் பிள்ளை கடலில் குளித்தால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கரையிலிருந்து "அலை வருது, வா"ன்னு கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. 2004 டிசம்பர் 26 காலையில் "தண்ணி வருது, ஓடு"ங்கிற கத்தலைக் கேட்டு ஓடிப் பிழைத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். காது என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா?

நம்ம பிள்ளைகள் போலீஸ் தேர்வுக்கு என்று விடியற்காலையில் ஓடுகிறார்கள், உடற்பயிற்சி செய்கிறார்கள். அதற்கு அடைப்பான் தேவையில்லை. ரோட்டில் ஓடும்போது காதை அடைத்தாலும், காதில் பாட்டு மாட்டிக்கொண்டாலும், பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காது. வேர்வையும் உள்ளே தங்கி அரிப்பு வரும். ஆனால் படகு இன்ஜின் பக்கத்திலேயே மணிக்கணக்காக இருப்பவர்களுக்கு அந்த நசுங்குகிற பஞ்சு அடைப்பான் நல்லது. கரையோடும் மற்ற ஆட்களோடும் பேச வேண்டிய நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. படுக்க வைத்துப் பால் புகட்டாதீர்கள். தொண்டையிலிருந்து காதுக்கு ஒரு குழாய் போகிறது. பால் அது வழியாகப் போய் சீழ் பிடிக்கும். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுங்கள். குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் வேண்டாம். ஆயாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அன்போடுதான் சொல்கிறோம்.

எப்போது உடனே ஓட வேண்டும்? காது ஒழுகும் பிள்ளைக்குக் காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, தலைசுற்றல், காதின் பின்பக்கம் வீக்கம், வாய் ஒரு பக்கம் கோணுதல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாற்றத்தோடு ஒழுகினாலும் தள்ளிப் போடக் கூடாது. சீழ் எலும்பை அரித்து மூளை வரை போகலாம்.

எங்கே போவது? கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு 2006-07லேயே தனித் திட்டம் தொடங்கியது. 2013இலிருந்து பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும் திட்டமும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளை டீச்சரிடம் கேட்டு, பிள்ளையை லீவு போடாமல் அனுப்புங்கள்.

அந்த அக்காவின் மகன் இப்போது வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறான். டீச்சர் முகம் பார்த்துப் பேசுகிறார். தினமும் வாசலின் பஞ்சு வைத்துத்தான் குளிக்கிறான். ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. காது ஒழுகாமல் காய்ந்திருந்தால்தான் செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு தடவை மறந்து குளித்துவிட்டான், மறுபடி ஒழுகியது. மறுபடி முதலிலிருந்து நாள் எண்ணுகிறார் அந்த அக்கா.

கடைசியாக மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒவ்வொரு குழுவும் காது ஒழுகும் பிள்ளைகள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் பெயரை எழுதி அடுத்த கூட்டத்தில் கொடுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம். பஸ்ஸுக்குக் காசு இல்லாதவர்களுக்குக் குழுவிலிருந்து கொடுப்போம். இரண்டு, மாசி மகத்தன்று காது ஒழுகும் பிள்ளையை முக்காதீர்கள். கரையில் நிறுத்தித் தீர்த்தத்தைக் கையில் எடுத்துத் தலையில் தெளியுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. மூன்று, "சொன்னா கேக்க மாட்டியா"ன்னு அடிக்கக் கை ஓங்குவதற்கு முன்னால், பின்பக்கமாக நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.