பிள்ளை மடுவத்தில் மூலைகளை எண்ணுவோம்
(மஸ்கெலியாவில் மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள விடயம் பேசியாகிவிட்டது. பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

நாம் பிள்ளை மடுவம் என்று சொன்ன இடத்துக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். நாம் கொழுந்து எடுத்து வரும்வரை பிள்ளை தூங்குகிற இடமாக மட்டும் அது இருந்தால், பெயர் மாறி என்ன பயன்? 1837இல் ஜெர்மனியில் பிரெட்ரிக் புரோபல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். பிள்ளைகளின் கையில் அவர் கொடுத்தது புத்தகம் அல்ல. பந்து, உருளை, கனசதுரக் கட்டை.

தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகள் சுவரில் உள்ள படத்தைப் பார்த்து வட்டம், சதுரம், முக்கோணி என்று பாடமாகச் சொல்கிறார்கள். அதே முக்கோணியைத் தலைகீழாகப் பிடித்தால் தயங்குகிறார்கள். சதுரத்தைச் சாய்த்துப் பிடித்தால் பட்டம் என்கிறார்கள். படத்தில் அது எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால் வந்த பழக்கம் இது. ஆகவே பெயர் பிறகு வரட்டும். பக்கத்தையும் மூலையையும் கை முதலில் அறியட்டும்.

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

முதலாவது, பை விளையாட்டு. துணிப்பைக்குள் வெறும் தீப்பெட்டி, டின் மூடி, அட்டையில் வெட்டிய முக்கோணி போடுங்கள். பிள்ளை பார்க்காமல் தடவட்டும். "மூலை இருக்கிறதா? எத்தனை?" என்று கேளுங்கள். வாயில் போடும் வயதுப் பிள்ளைக்குச் சிறிய பொருள் வேண்டாம்.

இரண்டாவது, கயிறு. இரு முனையையும் முடிந்து, பிள்ளைகளை உள்ளே நிற்க வையுங்கள். மூன்று பேர் இழுத்தால் முக்கோணி. நாலாவது பிள்ளை சேர்ந்தால் இன்னொரு மூலை. பத்துப் பேர் சுற்றிப் பிடித்தால் வட்டம் மாதிரி வரும்.

மூன்றாவது, குச்சி. மூன்று குச்சிகளை முனையில் நூலால் கட்டினால் அசையாது. நான்கைக் கட்டினால் ஆடும். குறுக்கே ஒன்று வைத்தால் நிற்கும். கூரை மரத்தை ஏன் முக்கோணியாகக் கட்டுகிறார்கள் என்பது அங்கேயே விளங்கும்.

நாலாவது, தேடல். கூடையின் வாய், லயத்து ஜன்னல், வாசல் கோலம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். சூரியன் எழும்போது சிவனொளிபாதமலையின் நிழல் முக்கோணியாக விழுவதை உச்சிக்குப் போய் வந்தவர்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

இது தொழிற்சங்கத்தின் வேலையா என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 24 அடிக் கயிற்றை 6க்கு 6 என்று பிடித்தால் 36 சதுர அடி அடங்கும். 10க்கு 2 என்று பிடித்தால் 20தான். கயிறு ஒன்று, இடம் வேறு. பழைய லயக் காம்பரா 10க்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. வீட்டுக்கென்று பேசப்பட்ட 7 பேர்ச் காணி ஏறக்குறைய 1,906 சதுர அடி. மலைச்சரிவில் அந்தக் காணி நேர்ச் சதுரமாக அமைவது அரிது. நில அளவைப் படத்தில் எல்லைக் கோட்டையும் மூலையையும் எண்ணிப் பார்க்கத் தெரியாதவர், பிறர் காட்டிய இடத்தில்தான் கையெழுத்து வைப்பார். பிள்ளை கயிறு பிடித்துப் பழகுவது அந்தக் காகிதத்தை நாளைக்குத் தானே வாசிப்பதற்குத்தான்.

ஆகவே தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறோம். வெறும் பெட்டிகளை எறியாமல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மாலையில் பிள்ளையைக் கூட்டி வரும்போது, "இன்றைக்கு எத்தனை மூலை எண்ணினாய்?" என்று கேளுங்கள்.

கமிட்டிகளிடமும் ஒன்று கேட்கிறோம். நிலையப் பொறுப்பாளருக்குப் பயிற்சி வேண்டும். சமைக்கவும் கழுவவும் வேறொரு கை வேண்டும். அப்போதுதான் பிள்ளைகளோடு உட்கார அவருக்கு நேரம் கிடைக்கும். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுப்போம்.