தோலில் எடுக்கும் சின்னத் துண்டு: பயப்படாமல் போவோம், பதிலையும் கேட்டு வருவோம்

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் லயத்து அக்கா ஒருவருக்குக் கையில் ஒரு படை. தோல் கிளினிக்கில் பார்த்துவிட்டு, "ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார்கள். அக்கா அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டார். "சதைய வெட்டுவாங்களாம் டீச்சர். அப்ப எனக்குக் கேன்சர்தானே?" என்று அழுதார். என்ன செய்யப் போகிறார்கள் என்று அவருக்கு யாரும் தமிழில் விளக்கவில்லை. எங்களுக்கும் அன்று பதில் தெரியாது. விசாரித்தோம். அடுத்த முறை கூடவே போனோம். தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறோம்.

இதற்குப் பெயர் பயொப்சி. நோய் இருக்கும் இடத்தில் தோலைக் கொஞ்சம் எடுத்து, ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. பயொப்சி என்றால் கேன்சர் என்று அர்த்தம் இல்லை. மேலே பார்த்தால் பல தோல் நோய்கள் ஒரே மாதிரி இருக்கும். கரப்பான், சொரியாசிஸ், பங்கசு, தொழுநோய், மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா புண், கேன்சர் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. அதனால்தான் சந்தேகம் வந்தால் துண்டு எடுக்கிறார்கள்.

எப்படி எடுப்பார்கள்? அந்த இடத்தைத் துடைத்து, விறைப்பு ஊசி போடுவார்கள். பல் பிடுங்கும்போது போடுவார்களே, அந்த மாதிரி ஊசிதான். சில வினாடி சுரீர் என்று எரியும். அதன் பிறகு தொடுவது தெரியும், வலி தெரியாது. பேனா மாதிரிப் பிடியில் வட்டமான சின்ன பிளேட் இருக்கும். அதை வைத்துத் திருகி, பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீற்றர் அகலத்தில் எடுப்பார்கள். ஒரு பச்சைப்பயறு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு தையல் போட்டால் முடிந்தது. சிலருக்கு மேல் தோலை மட்டும் சீவி எடுப்பார்கள். சில கட்டியை முழுதாகவே வெட்டி எடுப்பார்கள். துண்டு எடுக்கும் வேலை பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். நம் அக்கா, "இவ்வளவுதானா மிஸி?" என்று கேட்டார்.

போகும்போது கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளையும் எடுத்துப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடித்தால், சீனி வருத்தம் இருந்தால், மருந்து ஒவ்வாமை இருந்தால், வயிற்றில் பிள்ளை இருந்தால், முதலிலேயே சொல்லுங்கள். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கையெழுத்துக் கேட்பார்கள். புரியாமல் போடாதீர்கள். "தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அது கெஞ்சுவது அல்ல. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டில் அரசகரும மொழியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் நாள் காயத்தை நனைக்க வேண்டாம். அதன் பின் சுத்தமாக வைத்து, அவர்கள் சொன்னபடி கட்டுங்கள். மஞ்சள், தேயிலைத் தூள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால், அல்லது சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே காட்டுங்கள். தையலை முகத்தில் என்றால் ஒரு வாரத்துக்குள்ளும், காலில் என்றால் இரண்டு வாரம் வரை விட்டும் பிரிப்பார்கள். அதுவரை முதுகுத் தையலில் கூடை உரசக் கூடாது. சின்னத் தழும்பு ஒன்று மிஞ்சும்.

இனித்தான் முக்கியமான விஷயம். துண்டு கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடியவில்லை. பதில் வர ஒரு வாரமும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அந்தத் திகதியில் போகாவிட்டால் வெட்டியது வீண். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று போகாமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? தொழுநோயைப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத படையாகத் தொடங்கும். அரசாங்கம் 6 மாதமோ 12 மாதமோ மருந்தை இலவசமாகத் தருகிறது. முழுதாகச் சுகமாகும். விட்டுவிட்டால் நரம்பு கெட்டு, கொழுந்து கிள்ளும் விரலே மடங்கிப் போகும்.

நம் பையன்கள் சட்டையில் போட்டுத் திரிகிறார்களே பாப் மார்லி, அவருக்கும் கால் பெருவிரல் நகத்தடியில்தான் தோல் கேன்சர் வந்தது. பந்து விளையாடிய காயம் என்றே முதலில் நினைத்திருந்தார். 1981இல் 36 வயதில் இறந்துபோனார். கறுத்த தோல்காரருக்கு அந்த வகைக் கேன்சர் குறைவுதான். வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுதான் அதிகம். உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளி, ஆறாத புண் இருந்தால், அட்டை கடித்தது, முள் குத்தியது என்று விட்டுவிடாதீர்கள்.

சங்கத்தின் வேலையும் இருக்கிறது. கிளினிக் துண்டைத் தலைவரிடம் காட்டுங்கள். அந்த நாளுக்காக நிர்வாகத்தோடு பேசுவது எங்கள் பொறுப்பு. தனியாகப் போகப் பயந்தால் மாதர் சங்கத்திடம் சொல்லுங்கள், ஒருவர் கூட வருவார்.

அக்காவுக்கு என்ன பதில் வந்தது என்று கேட்பீர்கள். அவர் கதையைச் சொல்ல அனுமதி தந்தார், நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். அது அவருடைய விஷயம். யாருக்கு என்ன நோய் என்று பீலிக்கரையில் பேசாமல் இருப்பதும் நம் கடமைதான். மருந்து எடுக்கிறார், படை குறைகிறது, நாளைக் காலையில் பெரட்டுக்கு உங்களோடுதான் நிற்பார். அது போதும்.