மோரேயில் தங்கிவிட்டவர்கள்



தமிழ்ச் சங்க ஆண்டு விழா மேடைகளில் மொழியின் தொன்மையையும் மூவேந்தர் கீர்த்தியையும் எடுத்துரைப்பது நம்மவர் சம்பிரதாயம். அவற்றைச் சொல்ல இந்த அவையிலே என்னினும் வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகையால், நம் சரித்திர நூல்களில் ஒரு பத்தி இடமும் பெறாத ஒரு சிறு நகரத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியைக் கோருகிறேன். மணிப்பூரின் தலைநகரான இம்பாலிலிருந்து மலைப்பாதையில் 110 கிலோமீட்டர் சென்றால், பர்மா எல்லையிலே இருக்கிறது மோரே. 2011 ஜனத்தொகைக் கணக்கில் அங்கே வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 17,000 பேர். எல்லை வாசலைத் தாண்டினால் நம்பாலோங் சந்தை. அதற்கு அப்பால் சில கிலோமீட்டரில் தமு நகரம். ஓர் அடி எடுத்து வைத்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வண்டிகள் சாலையின் மறுபக்கத்தில் செல்கின்றன. அந்த ஊரின் நடுவிலே அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோபுரத்தோடு ஒரு கோயில் எழுந்து நிற்கிறது என்றால், அது எப்படி வந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

அதன் கதையை இரங்கூனிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1931-இல் பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்ந்தார்கள்; இரங்கூன் நகர ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்களே. இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறிய தமிழர்கள் வயலிலும் நெல் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். நகரத்தாரான செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். உலகப் பொருளாதார மந்தத்திலே நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறியபோது, 1937 அளவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்திருந்தது. நிலத்தை இழந்த உழவனின் மனக்கசப்பில் நியாயம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கசப்புக்குப் பெரும் விலை கொடுத்தவர்கள், ஒரு காணி நிலமும் தமக்கென்று இல்லாமல், அன்றன்றைய கூலியில் ஜீவித்த ஏழைத் தமிழர்களே.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசிய பின்பு, லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழிகளில் கால்நடையாகவே புறப்பட்டார்கள். அந்த வழிகளில் முக்கியமான ஒன்று, தமுவிலிருந்து மணிப்பூரின் பலேல் நோக்கி மலையேறுவது. மோரேயைத் தொட்டுச் செல்வது. பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே வீழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். அதே மலைப்பகுதியில்தான் 1944-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் ஜப்பானியப் படையோடு முன்னேறியது. அந்த ராணுவத்தில் மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் திரளாக இருந்தார்கள் என்பது நாம் நினைவில் வைக்கத் தக்கது.

போர் முடிந்ததும் பலர் பர்மாவுக்கே திரும்பினார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாக் காகிதங்களாயின. பிழைப்பை இழந்து, இந்திய அரசு அனுப்பிய கப்பல்களில் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் வந்திறங்கியவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. சென்னைக் கடற்கரைச் சாலையில் 1969-இல் அவர்களுக்காகப் பர்மா பஜார் தோன்றியது. இந்த அளவு நம்மில் பலரும் அறிந்ததே.

நாம் அறியாதது அடுத்த பகுதி. பர்மாவிலே பிறந்து, பர்மியப் பள்ளியிலே படித்து, தமிழ்நாட்டை அதுவரை கண்ணால் பாராத ஜனங்களுக்கு இந்த முகாம்கள் தாயகமாகத் தோன்றவில்லை. எனவே அவர்களில் ஒரு பகுதியினர், இரயிலில் திமாபூர் வரையிலும் அங்கிருந்து மலைச்சாலையில் இம்பால் வழியாகவும் பிரயாணம் செய்து, எப்படியாவது எல்லையைக் கடந்து தாங்கள் விட்டுவந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு மோரேயை அடைந்தார்கள். பர்மிய ராணுவம் அவர்களை உள்ளே விடவில்லை. முன்னே போக வழியில்லை. பின்னே போக மனமில்லை. குகி, மெய்தி சமூகத்தார் வாழ்ந்த அச்சிற்றூரிலே மூங்கில் குடிசை கட்டி அவர்கள் தங்கிவிட்டார்கள்.

பர்மிய பாஷை தெரிந்தவர்கள் ஆதலால் இரு பக்கத்து வியாபாரத்துக்கும் அவர்களே பாலமானார்கள். 1995-இல் எல்லை வர்த்தகம் சட்டப்படி தொடங்குவதற்கு வெகு காலம் முன்னரே மோரேச் சந்தை அவர்கள் கையில் செழித்தது. கோயில் எழுந்தது, தீமிதி தொடங்கியது, தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. ஊரில் இட்லியும் கிடைக்கும், பர்மிய உணவான அத்தோவும் கிடைக்கும். நான் மிகவும் மதிக்கும் விசேஷம் வேறொன்று: மோரேத் தமிழர் வீட்டிலே தமிழ், எல்லைக்கு அப்பால் பர்மியம், கடைத்தெருவில் மெய்தியும் குகியும் ஹிந்தியும் என்று பல பாஷைகளில் புழங்குகிறார்கள். அண்டை வீட்டாரின் பாஷையைக் கற்றதால் தம் பாஷையின் மீதுள்ள அபிமானம் அவர்களுக்குக் குறைந்துவிடவில்லை. சங்கமும் அங்கே விழா எடுக்கும் ஸ்தாபனம் மட்டுமன்று. வேறு சமூகத்தாரோடு பேச வேண்டிய காரியங்களில் தமிழர் சார்பாக முன்னின்று பேசும் பொறுப்பும் அதற்கு உண்டு.

அந்தப் பொறுப்பு இலேசானதல்ல. 1990-களில் மலைவாழ் சமூகங்களுக்கிடையே மூண்ட பகையின் நடுவிலே தமிழர்களும் மோதலுக்கு ஆளாகி, அநேக குடும்பங்கள் ஊரை விட்டன. 2020-இல் பெருந்தொற்றால் எல்லை வாசல் அடைபட்டது. 2021-இல் பர்மாவில் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்ததும் வியாபாரம் அடியோடு நலிந்தது. 2023 மே மாதத்தில் மணிப்பூரில் மெய்தி, குகி சமூகங்களுக்கிடையே கலவரம் மூண்டபோது, அதில் எந்தப் பக்கமும் சேராத தமிழர்களின் வீடுகளும் மோரேயில் எரிந்தன. ஒரு காலத்தில் பல்லாயிரமாக இருந்த தமிழர்கள் இன்று சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டார்கள்.

நம்மில் பெரும்பாலோர் கல்வியையும் உத்தியோகத்தையும் நாடி விரும்பியே கடல் கடந்து வந்தவர்கள். திரும்பிச் செல்ல நமக்கு ஊரும் வழியும் இருக்கின்றன. அந்த இரண்டும் மறுக்கப்பட்டவர்கள் நடத்துகிற சங்கத்துக்கு நாம் செய்யக்கூடியதாக இரண்டு காரியங்களை இச்சபை முன் வைக்கிறேன். இந்த ஆண்டு திரட்டும் கல்வி நிதியில் ஒரு பகுதி, வீடிழந்த மோரேக் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்புக்குச் செல்லட்டும். மற்றொன்று, இந்த அரங்கிலேயே பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலராவது இருப்பீர்கள். 1964-இல் பத்து வயதுச் சிறுவராய்க் கப்பலேறியவர்களுக்கு இன்று வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவர்கள் பிறந்த ஊர், வந்த வழி, தங்கிய முகாம், விட்டுவந்த உறவினர் ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு விழா மலரில் முதற்பகுதியாக அவை வெளிவருமாறு ஒரு சிறு குழுவை இன்றே அமைத்துத் தரும்படி நம் சங்கத் தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.