அடிக்காமல் விழுந்த அடி

நடுவர் அவர்களே! எதிரணி அண்ணன், 'ஓங்கி ஒண்ணு விட்டாத்தான் உலகம் கேட்கும்'னு சொன்னார். அதோட, 'இவங்க பேச்சைப் பாய்காட் பண்ணுங்க'ன்னும் சொன்னார். அண்ணே, என் கட்சிக்குச் சாட்சியை நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்க! (சிரிப்பு)

பாய்காட் என்பது ஒரு மனுஷனோட பேர். கேப்டன் சார்லஸ் பாய்காட். அயர்லாந்தில், மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலிக்கிற காரியஸ்தர். 1880-ல் குடியானவர்கள், விளைச்சல் கெட்டுப்போச்சு, 25 சதவீதம் குறைங்கன்னு கேட்டாங்க. பிரபு 10 சதவீதத்தோட நின்னுட்டார். நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கிளம்பிச்சு.

அந்த செப்டம்பரில், பார்னல் என்கிற தலைவர் எனிஸ் நகரக் கூட்டத்தில் கேட்டார்: அடுத்தவனை விரட்டின நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறவனை என்ன செய்யலாம்? 'சுட்டுத் தள்ளு'ன்னு கூட்டத்தில் குரல் வந்தது. அது எதிரணிக் குரல்! (கைதட்டல்) பார்னல் ஒத்துக்கலை. அவனோட பேசாதீங்க, கொடுக்கல் வாங்கல் வச்சுக்காதீங்க, அது போதும்னார்.

ஜனங்க அதைக் கேப்டன்கிட்டேயே செஞ்சு காட்டினாங்க. வேலைக்காரர்கள் நின்னுட்டாங்க. கடையில சாமான் கிடையாது. துணி வெளுக்க ஆள் இல்லை. கடிதம் கொண்டுவந்த பையன்கூட வரலை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தாங்க. அவங்களுக்குக் காவல் சுமார் 1000 சிப்பாய்கள்! 500 பவுன் விளைச்சலுக்கு 10,000 பவுன் செலவுன்னு அப்போ கணக்குப் போட்டாங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! டிசம்பர் 1-ஆம் தேதி கேப்டன் அயர்லாந்தையே காலி பண்ணினார்.

இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர், ரெட்பாத், யோசிச்சார். தள்ளிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு பண்டிதச் சொல் இருந்தது, குடியானவனுக்குப் புரியாது. அந்த ஊர்ப் பாதிரியார் ஓ'மாலிதான், 'பாய்காட்'னே வச்சா என்னன்னு கேட்டாராம். 1905-ல் வங்காளத்தில் அந்நியத் துணியை ஒதுக்கினபோது, வெள்ளைக்காரன் சொல்லே வெள்ளைக்காரன் மேல திரும்பிச்சு.

நடுவர் ஐயா கேட்கலாம்: ஒரு ஏழைக் குடும்பத்துக்குத் தண்ணி தராதே, சாமான் தராதேன்னு ஊரே தள்ளிவைக்குதே, அதுவும் பாய்காட்தானே? அகராதி ஒத்துக்கலாம், நான் ஒத்துக்க மாட்டேன். மேயோவில், நிலத்தை இழக்க இருந்தவன், 'உனக்கு வேலை செய்ய மாட்டேன்'னான். இங்கே, கிணறு வச்சிருக்கிறவன், 'உனக்குத் தண்ணி கிடையாது'ங்கிறான். அதை எதிரணிக் கணக்கில் எழுதிக்குங்க ஐயா. அதுவும் அடிதான். (கைதட்டல்)