நாற்பது கழிந்த பிறகும் தாயைக் கேளுங்கள்

(மகளிர் நலக் கூட்டத்தில் நம் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் நாம் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறோம். பூண்டுக் குழம்பு, பேறுகால மருந்து, சுடுதண்ணீர்க் குளியல் எதிலும் குறை வைப்பதில்லை. நாற்பது கழிந்து தலை முழுகியதும் விசாரிப்பதும் நின்றுவிடுகிறது. பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்றுதான் அதற்குப் பிறகு கேட்கிறோம்.

வீடு வீடாகப் போய்ப் பேசும்போது, கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் நம்மிடம் சொல்லப்படும் விஷயம் ஒன்று உண்டு. தும்மினால், சிரித்தால், ஸஜ்தாவிலிருந்து எழுந்தால் சிறுநீர் கசிகிறது. ஒளூ நின்றதா முறிந்ததா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பக் கழுவி, உடை மாற்றி, கடைசியில் முஸல்லாவை விரிக்கவே பயம். கல்யாண வீட்டுக்கும் போவதில்லை. கணவரிடம் சொல்ல வெட்கம்.

இது சுத்தக் குறைவு அல்ல, சோம்பலும் அல்ல. இடுப்புக்கு அடியில் தொட்டில் துணிபோல விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கும் தசைகள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தளர்ந்துபோகின்றன. ஆபரேஷனில் பெற்றவளுக்கும் இது வரும், அவளும் சுமந்தவள்தானே. பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கசிவு இருக்கிறது.

இதற்குப் பயிற்சி உண்டு. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளே இழுத்துச் சில விநாடிகள் பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகவும் கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இழுக்கும்போது வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதில் இறுகியிருக்கும்.

பயிற்சி மட்டும் போதாது என்பதால்தான் ஆக்குபேஷனல் தெரபி பற்றிச் சொல்கிறோம். அது மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு மட்டும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தச் சிகிச்சையாளர் முதலில் கேட்பது, “காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்கிறீர்கள்?” என்பதுதான். எந்த வேலையில் கசிகிறது, எதில் இடுப்பு வலிக்கிறது, எந்த நேரத்தில் அழுகை வருகிறது என்று பார்த்து, அந்த வேலையைச் செய்யும் விதத்தை மாற்றித் தருவார். ஸஜ்தாவிலிருந்து எழுமுன் தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி எழுவது. குடத்தை நிரப்பித் தூக்காமல் பாதிப் பாதியாக எடுப்பது. குனிந்து பால் கொடுக்காமல் மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை உயர்த்திக்கொள்வது. மலம் கழிக்கையில் முக்காமலிருப்பது. கசிவு நிற்கும்வரை ஒளூவுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மனைவிக்காகக் கணவரே கேட்டுவரலாம்.

மாமிமார்களுக்கு ஒரு வார்த்தை. வயிறு போட்டுவிடும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் வந்து, முக்க முக்கத் தசை இன்னும் தளரும். வயிற்றை இறுக்கிக் கட்டுவதும் பாரத்தைக் கீழே தள்ளும்.

மனதும் இதோடு சேர்ந்ததே. பிரசவித்த சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். அதைத் தாண்டியும் தூக்கம் இல்லை, பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிரசவித்தவர்களில் 100க்கு 13 பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, பெரும்பாலும் இந்த மனச்சோர்வுதான். கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும். மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். எடின்பரோ கேள்வித்தாள் என்று 10 கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது, தமிழிலும் உண்டு. சில நிமிடத்தில் நிலைமை தெரியும். இங்கேயும் அந்தச் சிகிச்சையாளர் அன்றாடத்தில்தான் கை வைப்பார்: இரவில் ஒரு வேளை யார் பிள்ளையைப் பார்ப்பது, அவள் தொடர்ச்சியாக நாலு மணி நேரம் தூங்க வழி என்ன என்று குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்.

தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று ஒரு தாய் சொன்னால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், அவளைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்ற நேரத்தில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். அடுத்த தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிப்போகும் அன்றே, “எனக்குச் சிறுநீர் கசிகிறது, யாரைப் பார்க்க வேண்டும்?” என்று அங்குள்ள நர்ஸிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நம் குழுவிலிருந்து ஒருவர் உங்களோடு வருவார்.